சிவப்பு நூல் கட்டிய செடி

ஜூன் 9

அன்புள்ள மருமகளுக்கு, அத்தை எழுதுவது.

நான் சௌக்கியம். காது மட்டும் பழைய கதைதான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூக்கம் வருகிறதா என்று எழுது. போன வாரம் நீ போன் செய்தாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்தாள். காதில் வைத்தால் உள்ளே ஒரே இரைச்சல், மில்லுக்குள் நுழைந்த மாதிரி. அத்தனை வருஷம் நூற்கும் மெஷின்களோடு நின்ற காதுக்கு இனிமேல் காகிதம்தான் சரிப்படும். அதனால் போன் பண்ணாதே, எழுது. நானும் எழுதுகிறேன். பேச ஆளில்லாதவள் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ மார்ச்சில் வேலைக்குக் கிளம்பிப் போனபோது எப்படி இருந்ததோ, வீடு அப்படியேதான் இருக்கிறது. சமையலறைக் குழாய் சொட்டியது, ஆளைக் கூப்பிட்டு மாற்றினேன். என் பிள்ளையின் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாய். கொடுக்கிறேன், என்ன அவசரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கம் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே தரை தெரியாமல் பச்சையாக முளைத்திருக்கிறது. அவன் வேலை பார்த்த தண்டவாளத்து ஓரத்திலிருந்து ஏதோ பூவின் விதையை அள்ளிவந்து போட்டானே, அது இதில் எது? எனக்கு எல்லாமே களையாகத்தான் தெரிகிறது. நான் இங்கே வந்தபோதெல்லாம் கோடைக்காலம், வெறும் மண்ணைத்தான் பார்த்திருக்கிறேன். “மழையில வாம்மா, காட்டுறேன்” என்று ஒவ்வொரு வருஷமும் கூப்பிட்டான். நான் வருகிறேன், வருகிறேன் என்று உன் நாத்தனார் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஜனவரியில் வந்தேன். எதற்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும்.

அந்தப் பூவை ஒரு தடவை பார்க்க வேண்டும். எனக்கு இப்போது வேறு எந்த ஆசையும் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரிக்கு நான் துடைப்பம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவளுக்குத் தரையில் ஒரு புல் இருந்தால் பொறுக்காது. “எல்லாத்தையும் செதுக்கிட்டு சிமெண்ட் போட்டுடுங்க” என்கிறாள். அவள் கை வைப்பதற்குள் பதில் போடு.

உன் அத்தை

ஜூன் 21

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே.

இங்கே லேபில் தலைக்கு மேல் வேலை. காலையில் கதவைத் திறக்கும் முன்பே ரத்தம் கொடுக்க வரிசை நிற்கிறது. மதியம் வரை குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுவதும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைப்பதுமாகப் போகிறது. அறையில் ஜன்னல் ஒன்றுதான். அது எதிர்ச் சுவரைப் பார்த்து இருக்கிறது. பழகிவிட்டது.

நீங்கள் கேட்ட செடிக்குப் பெயர் தெரியாது. அவர் தண்டவாளப் பூ என்பார். சாண் உயரம்கூட வராது. செப்டம்பரில் பூக்கும். வெளிறிய ஊதா, சட்டைப் பொத்தான் அளவு, ஐந்து இதழ். ஒவ்வொரு இதழிலும் நடுவே கறுப்பாக ஒரு மெல்லிய கோடு ஓடும். காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். ராத்திரிப் பணி முடிந்து வந்தால் தூங்கமாட்டார், அது மூடுகிறவரை பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பார்.

அது ஒரு வருஷச் செடி, அத்தை. முளைத்து, பூத்து, விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்துவிடும். வேர் எதுவும் மிஞ்சாது. இந்த வருஷம் விதை விழாவிட்டால் அடுத்த மழைக்கு ஒன்றும் வராது. அதனால்தான் அவர் அந்த இடத்தில் யாரையும் களை எடுக்க விடமாட்டார். உரம் போடாதீர்கள். தண்ணீரும் ஊற்ற வேண்டாம், மழையே போதும்.

ஆனால் மற்ற செடிகள் உயர்ந்து மூடிவிட்டால் இது வெளிச்சமில்லாமல் செத்துப்போகும். ஜூலைக்குள் மற்றதை எடுத்துவிட வேண்டும். முளையில் அடையாளம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அவரே தடுமாறுவார். இதன் தண்டில் மட்டும் பொடி ரோமம் இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. லேபில் பார்த்துச் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு ரகத்திலும் ஒரு முளையைப் பிடுங்கிக் காகிதத்தில் மடித்து அனுப்புங்கள். பார்த்த அன்றே எழுதுகிறேன்.

மழையில் நனைந்து லேசாகச் சளி பிடித்தது. எக்ஸ்ரே பிரிவில் இருப்பவர் குடை கொடுத்து உதவினார். இப்போது பரவாயில்லை.

உங்கள் மருமகள்

ஜூலை 1

அன்புள்ள மருமகளுக்கு,

சளிக்கு வெந்நீர் குடி, தலையை ஈரத்தோடு கட்டாதே. என் முழங்காலைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அது தன் பாட்டுக்கு வலிக்கிறது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டேன். பின்பக்கம் இருப்பது மூன்று ரகம். மூன்றும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு மாதிரி இருக்கிறது. மில்லில் ரகம் கலந்துபோகாமல் இருக்க ஒவ்வொரு ரக நூலுக்கும் ஒரு நிறம் அடையாளம் வைப்போம். அதே மாதிரி செய்திருக்கிறேன். முதல் ரகத்துக்குச் சிவப்பு நூல், இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு வெள்ளை. தரையில் நிற்கிற செடிகளுக்கும் அதே நிறத்தில் கட்டிவிட்டேன். குனிந்து குனிந்து கட்டியதில் இடுப்பு எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. துடைப்பம் சுவருக்கு மேலே தலையை நீட்டி, களைக்கு யாராவது நூல் கட்டுவார்களா என்று கேட்டாள். அவள் பார்வையில் எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இத்துடன் மூன்றையும் வைத்திருக்கிறேன். நீ நிறத்தை மட்டும் எழுதினால் போதும். மீதி இரண்டையும் பிடுங்கிவிடுவேன். மழை நன்றாகப் பெய்கிறது, எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு வளர்கிறது. தாமதிக்காதே.

அந்த எக்ஸ்ரேக்காரர் குடையைக் கொடுத்துவிட்டுத் தான் நனைந்தாரா? நல்ல மனுஷன்தான்.

உன் அத்தை

ஜூலை 22

அன்புள்ள மருமகளுக்கு,

உடம்பு சரியில்லையா? மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போது என்னைப் பார்க்காமல் போகப் பழகிவிட்டார்.

செடிகள் முழங்கை உயரம் வந்துவிட்டன. வெள்ளை நூல் கட்டியதுதான் குட்டையாக இருக்கிறது, மற்ற இரண்டும் அதை அமுக்குகின்றன. எதை விடுவது, எதை எடுப்பது என்று எனக்கு நிலைகொள்ளவில்லை. நேற்று நீலத்தில் ஒன்றைப் பிடுங்கப்போய்க் கையை எடுத்துக்கொண்டேன். அதுவாக இருந்தால்? கோணிப்பை ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலக்கிவிட்டேன், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கட்டும் என்று.

வேலை அதிகமென்றால் ஒரே ஒரு வார்த்தை எழுதிப் போடு. நிறம் மட்டும்.

உன் அத்தை

ஆகஸ்ட் 5

அன்புள்ள அத்தைக்கு,

மன்னித்துவிடுங்கள். வேலை மிகவும் அதிகம், ஒருவர் விடுப்பில் போய்விட்டார். நான் நலம். நீங்கள் மழையில் உட்காராதீர்கள், உடம்பு தாங்காது.

சிவப்பு நூல் கட்டியதுதான். மற்ற இரண்டையும் எடுத்துவிடலாம்.

உங்கள் மருமகள்

ஆகஸ்ட் 15

அன்புள்ள மருமகளுக்கு,

வயிற்றில் பால் வார்த்தாய். நீ நன்றாக இருக்க வேண்டும்.

கடிதம் வந்த அன்றே பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். ஈர மண், இழுத்ததும் வந்துவிட்டது. நீலம் முழுக்க, வெள்ளை முழுக்க, ஒன்று விடாமல் எடுத்தேன். ஓரத்தில் வடிகால் இடுக்கில் நின்ற வெள்ளையைக்கூட விடவில்லை. மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். வண்டிக்காரர் சுவருக்குள் எட்டிப் பார்த்து, நல்லா சுத்தம் பண்ணிட்டீங்க என்று கையால் காட்டினார். துடைப்பத்துக்கும் பாதி திருப்தி.

இப்போது அவனுடையது மட்டும் நிற்கிறது. எத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

என் நெஞ்சில் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். அவன் பதினெட்டு வயதில் வேலை என்று கிளம்பினான். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், சாப்பிடுவான், போவான். எனக்குத் தெரிந்த பிள்ளை பதினெட்டு வயதுப் பிள்ளைதான். பூவுக்காகத் தூங்காமல் படியில் உட்கார்ந்திருந்தவனை உனக்குத்தான் தெரியும். எனக்கு அவனைத் தெரியாது. இந்தச் செடி பூத்தால் அவனைக் கொஞ்சம் தெரிந்துகொள்வேன் என்று நினைக்கிறேன். அசட்டுத்தனம்தான்.

எக்ஸ்ரேக்காரருக்குக் குடையைத் திருப்பிக் கொடுத்தாயா, இல்லை, இன்னும் மழை விடவில்லையா?

உன் அத்தை

செப்டம்பர் 14

அன்புள்ள மருமகளுக்கு,

பூத்துவிட்டது.

நலம் விசாரிக்கவில்லை என்று கோபிக்காதே, முதலில் இதை எழுதாமல் கை நிற்கவில்லை. போன திங்கட்கிழமை காலை துணி காயப்போடப் போனேன், ஒன்று விரிந்திருந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். இன்றைக்கு அந்தப் பக்கம் முழுக்க ஊதா. துடைப்பத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் குனிந்து பார்த்தாள்.

நீ சொன்ன கோடு என் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் போல. ஐந்து இதழ் என்றாய், இதில் நாலுதான் இருக்கிறது. எல்லாப் பூவிலும் ஒன்று உதிர்ந்தே பூக்கிறது, மழை வேகம்தான் காரணமாக இருக்கும். மதியம் மூடிக்கொள்ளும் என்றாய், இது சாயங்காலம் வரைக்கும் திறந்திருக்கிறது. கிழவி இத்தனை நாள் கழித்து வந்திருக்கிறாள், ஆசை தீரப் பார்க்கட்டும் என்று இருக்கிறதோ என்னவோ.

சமையலறை முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படிக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். படியில் நான் உட்காரவில்லை, அது அவன் இடம். அவனிடம் பேசவும் செய்கிறேன். காது கேட்காதவளுக்கு ஒரு வசதி, பதில் வராவிட்டாலும் வித்தியாசம் தெரியாது.

காய்ந்த பூ ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது. இதுதானே?

உன் அத்தை

அக்டோபர் 4

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நான் நலமாகவே இருக்கிறேன்.

பூவைப் பார்த்தேன். அதுதான், அத்தை. சந்தேகமே வேண்டாம். மழை அதிகமான வருஷத்தில் இதழ் குறைவாக வரும், மூடுவதும் முன்பின்னாக இருக்கும். நீங்கள் பார்த்தது அவருடைய பூதான்.

கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள். வெயிலில் அதிக நேரம் உட்கார வேண்டாம்.

உங்கள் மருமகள்

நவம்பர் 3

அன்புள்ள மருமகளுக்கு,

இங்கே நலம். உனக்கும் குறை ஒன்றும் இருக்காது என்று நம்புகிறேன்.

செடிகள் காய்ந்துவிட்டன. விதையில் பாதி தானாகவே உதிர்ந்தது. மீதியை உருவி மூடியுள்ள டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கடுகில் கால்வாசிகூட இருக்காது, ஊதினால் பறந்துவிடும். உனக்குக் கொஞ்சம் அனுப்பட்டுமா? அந்த எதிர்ச் சுவர் ஜன்னலில் ஒரு தொட்டி வைக்க இடம் இருக்குமா என்று எழுது.

இன்னொரு விஷயம். பெரிதாக ஒன்றும் இல்லை. ரயில்வே கேட்டில் இருப்பவர், அவனோடு வேலை பார்த்தவர், நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனார். “போன மாசம் உங்க மருமக லைன் ஓரத்துல எதையோ குனிஞ்சு தேடிக்கிட்டிருந்தாங்களே, கூட ஒருத்தர் நின்னுக்கிட்டிருந்தார், நீங்க பாக்கலையா?” என்று கேட்டார். எனக்காகக் கத்திக் கேட்டார், தெருவுக்கே கேட்டிருக்கும். அது என் மருமகள் இல்லை, அவளாக இருந்தால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போவாளா என்று சொல்லி அனுப்பினேன்.

சரியாகத்தானே சொன்னேன்? ஒரு வரி எழுது.

உன் அத்தை

நவம்பர் 21

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் நினைக்கிறேன். இந்தக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பல தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கேட்காரர் பார்த்தது என்னைத்தான்.

இனிப் பூசி மெழுக முடியாது, அத்தை. நீங்கள் பார்த்த பூ அவருடையது இல்லை. நாலு இதழில் பூக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது ரோட்டோரத்தில் எங்கும் முளைக்கிற வேறு செடி. அவருடையது சிவப்பு இல்லை. குட்டையாக இருக்கிறது, மற்றது அமுக்குகிறது என்று எழுதினீர்களே, அந்த வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அதைக்கூட அன்றைக்கு நான் யோசித்துப் பார்க்கவில்லை.

நீங்கள் அனுப்பிய முளைகள் ஜூலை முதல் வாரத்திலேயே வந்துவிட்டன. லேபில் பார்க்கலாம் என்று மேஜை இழுப்பறையில் வைத்தேன். பார்க்கவில்லை. நேரமில்லாமல் இல்லை. வேலை அதிகம் என்று எழுதியது பொய். அந்த உறையைத் தொட்டாலே பின்வாசல் படி கண் முன்னால் வந்து நின்றது. நான் அதை மறப்பதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உங்கள் அடுத்த கடிதமும் வந்த பிறகு வேறு வழியில்லாமல் பிரித்தேன். மூன்று முளையும் காய்ந்து பொடியாகி ஒன்றோடொன்று கலந்திருந்தன. நூல்கள் மட்டும் தனியாகக் கிடந்தன. நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. எது எந்த நூலில் இருந்தது என்று சொல்ல வழியில்லை.

என் வேலையில் ஒரு குழாயின் சீட்டு கழன்றுவிட்டால் நாங்கள் ஊகிக்கமாட்டோம். கீழே ஊற்றிவிட்டு மறுபடி ரத்தம் எடுப்போம். உங்களிடமும் மறுபடி அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இன்னொரு உறை வரும், இன்னொரு தடவை அதைப் பிரிக்க வேண்டும். சிவப்பு என்று எழுதிவிட்டேன்.

தெரிந்த பிறகு இரண்டு வாரம் தூங்கவில்லை. அதுதான் என்று உங்களுக்கு எழுதிவிட்டு, எப்படியாவது உண்மையான விதையைக் கொண்டுவந்து உங்களுக்குத் தெரியாமல் பின்பக்கம் தூவிவிடலாம் என்று நினைத்தேன். அவர் முதலில் விதை எடுத்த இடம் எனக்குத் தெரியும். அவர் உடலை எடுத்த இடத்துக்கு அப்பால், வளைவில். ஜனவரிக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. தனியாகப் போகத் தைரியம் இல்லாமல்தான் கூட அழைத்துப் போனேன். அங்கே போனால் களைக்கொல்லி மருந்து அடித்துவிட்டிருந்தார்கள். சரளைக்கல் இரண்டு பக்கமும், கண்ணுக்கு எட்டினவரை, எல்லாம் கருகிக் கிடந்தது. கையால் துழாவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். ரயில்வே கேட் வரைக்கும் வந்தேன். வீட்டுக்கு வந்தால் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டுவீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை அதுதான் என்று சொல்ல என்னால் முடியாது. திரும்பிவிட்டேன்.

கூட வந்தவர் நீங்கள் நினைக்கிறவர்தான். ஜூலையில் கேட்டார், செப்டம்பரில் சம்மதித்தேன். அவருக்கும் மனைவி இல்லை. டிசம்பர் முதல் வாரம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். இதையும் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னைத் திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்

டிசம்பர் 17

மருமகளுக்கு,

நான் நலம். நீயும், அவரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் கல்யாணம். கையெழுத்துப் போட்டிருப்பாய். இதற்கு என் அனுமதி தேவையில்லை, ஆனால் கேட்டிருந்தால் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பேன். ஒண்டியாக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உன் வயதை நீ கழிப்பதில் என் பிள்ளைக்கு என்ன கிடைக்கப்போகிறது? குடைக்கதை வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. நீயாகச் சொல்வாய் என்று வாயைக் கிளறிப் பார்த்தேன், நீ மூச்சு விடவில்லை. போகட்டும். மனசார எழுதுகிறேன், நன்றாக இரு.

நீ ஊகித்து எழுதியதற்கும் எனக்குக் கோபம் இல்லை. கை தவறுவது எல்லோருக்கும் உண்டு. நானும் மில்லில் ரகம் மாற்றி ஏற்றி, ஒரு நாள் வேலை முழுவதையும் கெடுத்திருக்கிறேன். உறையைப் பிரிக்க முடியவில்லை என்றாய், அதுவும் எனக்குப் புரிகிறது. அவன் சட்டைகள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன.

அதுதான் என்று அக்டோபரில் பொய் எழுதினாயே, அதற்குக் கொஞ்சமும் கோபம் இல்லை. அவன் போன பிறகு எனக்கு யாராவது ஏதாவது கொடுத்தார்கள் என்றால் அந்தப் பொய்தான். ஒரு மாசம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து என் பிள்ளையின் பூவைப் பார்த்தேன். நான் அவனுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொன்னேன். மழையில் வாம்மா என்றாயே, வந்துவிட்டேன் பார் என்றேன். ராத்திரி நிம்மதியாகப் படுத்தேன்.

அந்த ஒரு மாசத்தை ஏன் திருப்பி எடுத்துக்கொண்டாய்?

நான் உன்னிடம் பூவைப் பற்றிக் கேட்கவில்லை. நீ வந்தாயா என்றுதான் கேட்டேன். வரவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நம்புவதற்குத் தயாராக, பதிலையும் நானே எழுதித்தானே கேட்டேன்? உனக்குப் பாரம் தாங்கவில்லை, இறக்கி வைத்துவிட்டாய். யார் தலையில் இறக்கினாய் என்று பார்த்தாயா? நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், நான் சாகிறவரைக்கும் அவன் பூவைப் பார்த்தவளாக இருந்திருப்பேன். இப்போது அதைத் தன் கையாலேயே பிடுங்கிக் குப்பையில் போட்டவளாக இருக்கிறேன். வடிகால் இடுக்கில் நின்றதைக்கூட விடவில்லை. அது நன்றாக வேர் பிடித்திருந்தது, குச்சியால் கிளறி எடுத்தேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து பின்பக்கம் போகாமல் இருந்தேன். துணியை முன்பக்கம் காயப்போட்டேன். துடைப்பம் வந்து என்ன ஆயிற்று என்று கையால் கேட்டாள். சொன்னேன். என் வாயால் சொன்னது அவள் ஒருத்தியிடம்தான். அவள் எனக்குப் பதிலாகப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

டப்பாவில் இருந்த விதையை நேற்று எடுத்துப்போய் அந்த மண்ணிலேயே கொட்டிவிட்டேன். ரோட்டோரச் செடியானால் என்ன, அது என் மேல் எந்தத் தப்பும் பண்ணவில்லை.

அடுத்த மழைக்கு அங்கே எது வேண்டுமானாலும் முளைக்கட்டும். ஒன்றையும் பிடுங்கமாட்டேன். எது அவனுடையது என்று கேட்டு உனக்கு எழுதவும் மாட்டேன்.

இப்படிக்கு,
அவனுடைய அம்மா